குளிர்ந்த தண்ணீரில் பதவிசாக ஒரு தூண்டில்

கண்ணு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. பகலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் பகலில் பேனாவை எடுத்தால் கண் ஃபோன் பக்கம் போகிறது. இந்நேரத்தில் உன்னைக் கூப்பிடக் கூடாது என்பது எனக்கே தெரிவதால் எழுத்து ஓடுகிறது. அப்பா தூங்கிவிட்டார். கடுதாசி எழுதுகிறேன் என்றதும், "காலைல ட்யூட்டி இருக்குதுல்ல, சுருக்கா எழுதிப்போட்டுப் படு புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். சுருக்கமாக எழுத எனக்கு எப்போது வந்திருக்கிறது?

நீ அப்பாவுக்கு அனுப்பிய இமெயிலை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். "வென்ட் டு த லேக். டூ கோல்ட், நோ ஃபிஷ். திங்கிங் ஆஃப் செல்லிங் த ராட்." அவ்வளவுதான். அதை அப்பாவுக்கு எழுதினாய், எனக்கு எழுதவில்லை என்று நான் குறைப்படவில்லை. கொஞ்சம் பட்டேன். சரி, நிறையவே பட்டேன். ஆனால் நியூ ஜெர்சிக் குளிரில் நீ தூண்டில் ராட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாய் என்பதை நினைத்து, சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். ஏனென்றால் அதே வாரம் இங்கே காப்பெல்லில் உன் அம்மாவும் ஒரு ஏரிக்கரையில் மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தாள். நீ வீட்டில் விட்டுப்போன சின்ன ராட்டோடு. நம்ப மாட்டாய். ஸ்டெல்லா ஆன்ட்டியைக் கேட்டுப் பார்.

நடந்ததைச் சுற்றி வளைக்காமல் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிறகு மீனுக்கு வருகிறேன். இரண்டு பாடத்தில் தேறவில்லை என்று நீ சொன்னாய். குரல் சரியாக இல்லை. அதன் பிறகு இரண்டு நாள் நீ ஃபோனை எடுக்கவில்லை. நான் உன் காலேஜ் செக்யூரிட்டி ஆபீசுக்கு ஃபோன் பண்ணினேன். அவர்கள் யூனிஃபார்மோடு வந்து உன் அறைக் கதவைத் தட்ட, ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் வாசலில் வந்து வேடிக்கை பார்க்க, நீ பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றாயாம். அன்று ஃபோனில், "அம்மா, ப்ளீஸ் டோன்ட் கால் மீ எனிமோர். ஐ வில் கால் யூ" என்றாய். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாய். அன்றிலிருந்து நான் கூப்பிடவில்லை. நீயும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வருவாயா, இல்லை நியூ ஜெர்சியிலேயே இருந்துவிடுவாயா என்று எனக்குத் தெரியாது. லீவுக்குப் பிறகும் வருவாயா என்பதுதான் நான் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

தமிழில் எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. ஈரோட்டில் நாலாம் வகுப்பு வரை படித்துவிட்டுத்தானே இங்கே வந்தாய்! எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். நேரமாகும். ஆகட்டும். உனக்கு நான் சொல்ல வந்த வித்தையே நேரம் எடுத்துச் செய்கிற வித்தைதான்.

ராட்டை விற்காதே. அந்த ஏரியில் மீன் இருக்கிறது. கோடையில் நீ பழகிய மாதிரி பெரிய இரையைக் கட்டி, தூர வீசி, சரசரவென்று சுற்றியிழுத்தால் இந்தக் குளிரில் எந்த மீனும் திரும்பிப் பார்க்காது. நான் விலங்கியல் படித்தவள் என்பது உங்கள் இருவருக்கும் மறந்தே போய்விட்டது. மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அதன் உடம்பும் அவ்வளவு சில்லென்று இருக்கும். செரிமானம் மந்தமாகிவிடும், பசி குறைந்துவிடும். இரையைத் துரத்தி ஓடினால், தின்று கிடைக்கிறதைவிட ஓடிச் செலவாகிறது அதிகம். அதனால் ஆழத்தில் ஓரிடமாக நிற்கும். வாய்க்குப் பக்கத்தில், சின்னதாக, அவசரமில்லாமல் ஏதாவது வந்தால் மட்டும் வாயைத் திறக்கும். இந்த மாதிரிச் சின்ன இரையை மெல்லிய நைலான் நரம்பில் கட்டி மெதுவாகப் பிடிப்பதை இங்குள்ள மீன்பிடிப் புத்தகங்களில் ஃபினெஸ் என்கிறார்கள். லைப்ரரியில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது, நம் ஊரில் இதைப் பதவிசு என்போமே என்று தோன்றியது. பதவிசு என்கிற குணம் உன் அம்மாவிடம் எவ்வளவு இருக்கிறதென்று உனக்குத் தெரியும். அதனால்தான் கற்றுக்கொள்ள இத்தனை வாரமாயிற்று.

நான் ஏரிக்குப் போனதே ஸ்டெல்லாவால்தான். லேபில் நானும் அவளும் ஒரே ஷிஃப்ட் என்பது உனக்குத் தெரியுமே. சனிக்கிழமை காலையில் வழக்கமாக உன்னைக் கூப்பிடுகிற நேரத்தில் நான் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் வந்து வாசலில் ஹார்ன் அடித்தாள். "ஏட்டி, ஃபோன் பக்கத்துலயே உக்காந்து அடைகாக்காத. குஞ்சு பொரிக்காது. ஜாக்கெட்ட மாட்டிட்டு வா" என்றாள். எங்கே என்றேன். "லேக்குக்கு. மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்கியாச்சு, உனக்கும் சேத்து. கிறிஸ்துமஸுக்கு நானே பிடிச்ச மீன்ல குழம்பு வைக்கப் போறேன்." தூத்துக்குடிக்காரியாயிற்றே, நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் போனேன். கரையில் நின்று அவள் நரம்பைக் கட்டத் தெரியாமல் தடுமாறியதைப் பார்த்துவிட்டு, "என்ன ஸ்டெல்லா, உங்க ஊர்ல எல்லாரும் பிடிப்பாங்கன்னு நினைச்சேன்" என்றேன். "தூத்துக்குடின்னா எல்லாரும் வலை இழுக்காங்களா? எங்கப்பா பேங்க் ஆபீசருட்டி. எங்களுக்கு மீன் மார்க்கெட்லதான் நீந்தும்!" இப்படித்தான் ஒன்றும் தெரியாத இரண்டு பேர் ஆரம்பித்தோம்.

அவள் உயிருள்ள மண்புழுவை டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். எனக்கு உன் பத்தாவது வயது ஞாபகம் வந்தது. பள்ளித் தோழனோடு குளத்துக்குப் போய்விட்டு, நான் வழித்துக் கழுவி வைத்திருந்த தயிர் டப்பாவில் மண்புழுக்களை நிரப்பி, ஃபிரிட்ஜில் மோருக்குப் பக்கத்தில் வைத்தாயே! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். சைவக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை மீன் பிடிக்கக் கேட்டு அழுகிறது, என்ன செய்வது? பிளாஸ்டிக் புழு என்றால் சரி, பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும், தூண்டில் முள்ளின் நுனியில் இருக்கிற எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கி மழுங்கடித்துத்தான் கட்ட வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏம்புள்ள, புழு உசுருன்னு விட்டுப்போட்டு மீன் வாயில முள்ளுக் குத்தறது எந்தூருச் சைவம்?" என்று கேட்டார். "அதான் திருப்பி விட்டுடறோமுங்களே" என்றேன். "மீனுகிட்டக் கேட்டியா?" என்றார். நான் குறடைத் தேடப் போய்விட்டேன். நீ சந்தோஷமாக இருந்தாய். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பிளாஸ்டிக் புழுக்களை நான் பாழாக்கியதும் ஞாபகம் இருக்கும். ஒழுங்காக வைக்கிறேன் பேர்வழி என்று, இந்தியக் கடையில் வாங்கி வந்த பிளாஸ்டிக் மசாலாப் பெட்டியில் நிறவாரியாகப் பிரித்து அடுக்கினேன். கடுகுக் கிண்ணத்தில் பச்சை, சீரகக் கிண்ணத்தில் சிவப்பு. அடுத்த வாரம் திறந்தால் புழுவெல்லாம் இளகிக் கிண்ணத்தோடு ஒட்டி, நிறமெல்லாம் ஒன்றாகி, களி மாதிரிக் கிடந்தது. சில பிளாஸ்டிக்கும் சில பிளாஸ்டிக்கும் சேராது என்று யார் கண்டார்கள்? பெருங்காயக் கிண்ணத்தில் ஒன்றே ஒன்று உருப்படியாகத் தப்பியிருந்தது. நீ அதைக் கட்டித்தான் உன் முதல் பாஸ் மீனைப் பிடித்தாய். பெருங்காயத்தால்தான் கடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இந்தத் தடவை உனக்கு அனுப்புகிற புழுக்களை அவை வந்த பையிலேயே வைத்து அனுப்புகிறேன். நீயும் மாற்றாதே.

இப்போது பார்சலில் என்ன இருக்கிறதென்று சொல்கிறேன். விரல் நீளத்துக்கு மெல்லிய புழுக்கள். பழுப்பும் மங்கிய பச்சையும் மட்டும். கண்ணைப் பறிக்கிற நிறங்கள் தெளிந்த குளிர்த் தண்ணீருக்கு வேண்டாம். தலையில் பட்டாணி அளவு ஈயம் வைத்த சின்ன முள்கள். கொக்கியை நானே நசுக்கிவிட்டேன். ஒரு சுருள் மெல்லிய நரம்பு. உன் ரீலில் இருக்கிற தடித்த நரம்பைக் கழற்றிவிட்டு இதைச் சுற்று. நரம்பு தடித்திருந்தால் இவ்வளவு லேசான இரை கீழே போகாது, போனாலும் கடித்தது கைக்குத் தெரியாது.

நேரம்: விடிகாலையில் எழுந்து போகாதே. கோடையில்தான் அதெல்லாம். இப்போது மத்தியானம், வெயில் கொஞ்சநேரம் தண்ணீரில் விழுந்த பிறகு போனால் போதும். பதினொரு மணிவரை தூங்காதே என்று உன்னைப் பள்ளிக்காலம் முழுக்கத் திட்டியவள் இதை எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். இடம்: காற்றுக்கு மறைவாக, வெயில் படுகிற கரை, காலடியிலேயே ஆழம் தொடங்குகிற இடம். தண்ணீருக்கு மேல் நீளும் மரமேடை இருந்தால் நல்லது. தூர வீச வேண்டியதே இல்லை.

வீசிவிட்டு, ஈயம் அடியில் உட்காரும்வரை விடு. நரம்பு தொய்ந்தால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒன்றும் செய்யாதே. கண்ணு, எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. கை சும்மா இருக்காது. உடனே சுற்றிப் பார்த்துவிடத் தோன்றும். அங்கே என்ன நடக்கிறதோ, பாசியில் மாட்டியிருக்குமோ, புழு கழன்றிருக்குமோ! ஸ்டெல்லா கத்துவாள்: "சும்மா இரேன்ட்டி! அடுப்புல இட்லி வச்சிட்டு நிமிசத்துக்கு ஒருக்க மூடியத் தொறப்பியா?" திறப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது. காப்பி ஆறுகிற நேரம் விட்டுவிட்டு, ராட்டின் நுனியை ஒரு விரற்கடை உயர்த்து. ஈயம் ஒரு துள்ளு துள்ளி மறுபடி உட்காரும். மறுபடி விடு. ஒரு தடவை வீசியதைத் திரும்பக் கொண்டுவர, நீ கோடையில் பத்துத் தடவை வீசும் நேரம் ஆக வேண்டும்.

கடித்தது எப்படித் தெரியும் என்பதுதான் அடுத்தது. கோடையில் போல வெடுக்கென்று இழுக்காது. ஈரத்துணி ஒன்று சிக்கியது போல லேசான கனம், அவ்வளவுதான். சிலசமயம் அதுகூட இல்லை. தண்ணீரில் நரம்பு தொடுகிற இடம் ஓரமாக நகரும். அப்போது வெட்டி இழுக்காதே. தொய்வை மட்டும் சுற்றி எடுத்துக்கொண்டு, ராட்டைச் சாய்த்து மெதுவாக உயர்த்து. நான் முதல் தடவை அந்தக் கனம் வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. மெல்லிய நரம்பு, பட்டென்று அறுந்துபோனது. ஒரு மீன் என் முள்ளை வாயில் வைத்துக்கொண்டு அந்தச் சில்லென்ற தண்ணீரில் எங்கேயோ போய்விட்டது. நான் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். ஸ்டெல்லா கதவைத் திறந்து பார்த்தாள். "மீனுக்கா அழுதுட்டிருக்க?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்து முடித்தேன். பிறகு, "சரி, வேற ஒண்ணு கட்டு. வெயில் இருக்கும்போதே" என்றாள். கட்டினேன்.

இன்றைக்குத்தான் ஒன்றைக் கரைக்குக் கொண்டுவந்தேன். நரம்பு ஓரமாக நகர்ந்தது. நான் இழுக்கவில்லை. தொய்வை எடுத்தேன், சாய்த்தேன், கனம் உயிரோடு அசைந்தது. சத்தம் போடாமல் வந்தது. பாஸ் மீன்தான், என் முழங்கையளவு இருக்கும். பச்சை உடம்பில் ஒரு கருங்கோடு. கல்லூரியில் ஃபார்மலின் நாற்றத்தோடு மேஜையில் கிடந்ததைத்தான் அதுவரை நான் கையால் தொட்டிருக்கிறேன். தொடுவதற்கு முன்னால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள், கண்ணு. உலர்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கிற வழவழப்பு போய்விடும், அதுதான் அதற்குச் சட்டை. மழுங்கிய முள் சுலபமாகக் கழன்றது. விடும்போது தூக்கி வீசாதே, தள்ளிவிடாதே. தண்ணீருக்குள்ளேயே வயிற்றுக்குக் கீழே கையை வைத்துப் பிடித்திரு. செவுள் அசையும். தனக்குத் தெம்பு வந்ததும் தானாகப் போகும். போயிற்று. "அட ஏசுவே! பொரிச்சா ரெண்டு நாளைக்குக் காணும், அதப்போயி குளிப்பாட்டி அனுப்பிவைக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசியா!" என்று ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு இன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. குளிரில் அவளுடைய ஒரு சாண் மண்புழுவை எது சீந்தும்?

பயந்தாங்கொள்ளி அம்மா சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. உங்கள் பக்கம் ஏரி உறையும். ஐஸ் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் காலை வைக்காதே. உறைந்துவிட்டால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துவிடு. காதை மூடு. ஈரக் காலுறையை மாற்ற இன்னொரு ஜோடி வைத்துக்கொள். தனியாகப் போகாதே. போனால், யாரிடமாவது எந்த ஏரி என்று சொல்லிவிட்டுப் போ. என்னிடம் இல்லை. உன் ரூம்மேட்டிடம் சொன்னால் போதும்.

இனி எழுத வேண்டியதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் மற்ற எதையும் எழுதியிருக்க மாட்டேன். இன்று ஏரியிலிருந்து வந்து, மீன் வாடை போகக் கை கழுவிவிட்டுப் பார்த்தால், காலர் ஐடியில் உன் நம்பர். மத்தியானம் வந்த கால். மெசேஜ் எதுவும் இல்லை. அப்பா கடைக்குப் போயிருக்கிறார், நான் ஏரியில் இருந்திருக்கிறேன். நீ இங்கே கூப்பிட்டு நான் எடுக்காதது இதுதான் முதல் தடவை. ஃபோனை எடுத்தேன். உன் நம்பரில் பாதி அழுத்திவிட்டேன். ஸ்டெல்லா சமையலறை வாசலில் ஷூவைக் கழற்றாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டேன். நான் கூப்பிடுகிறேன் என்று நீ சொன்னாய், கூப்பிட்டும் விட்டாய். அதற்குமேல் நான் இழுப்பது சரியில்லை.

எதற்குக் கூப்பிட்டாய் என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். வருகிறேன் என்று சொல்லவா, வரவில்லை என்று சொல்லவா, படிப்பை விடப்போகிறேன் என்று சொல்லவா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாரித்துப் பார்த்தேன். எல்லாம் நீளமாக, ஒரே புத்திமதியாக இருந்தது. கிழித்துப்போட்டதாக வைத்துக்கொள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். எனக்கும் அரியர் இருந்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. கடைசி வருஷத்தில் கல்யாணமாகி, நீ வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது போய் எழுதினேன். மேஜைக்கும் எனக்கும் நடுவில் நீதான் இருந்தாய். கையை நீட்டித்தான் எழுத முடிந்தது. தேறிவிட்டேன். தேறாமல் போயிருந்தாலும் நீ பிறந்திருப்பாய், நாம் இங்கே வந்திருப்போம், நான் இந்த ஏரிக்கரையில் நின்றிருப்பேன். இரண்டு பாடம் அவ்வளவு பெரிது இல்லை, கண்ணு. நீ சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மட்டும்தான் பெரிது. அப்படி இருந்தால் யாரிடமாவது சொல். அந்த யாராவது நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

லீவுக்கு டிக்கெட் இன்னும் போடவில்லை. எப்போதும் நான் தேதியைப் பார்த்துப் போட்டுவிட்டு உனக்குச் சொல்வேன். இந்தத் தடவை தேதியை நீ சொல். வரவில்லை என்றால் அதையும் சொல், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வேன். நீ பார்க்கவா போகிறாய்! ஆனால் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் கூப்பிடாதே, நான் வீட்டில் இருக்க மாட்டேன். மற்ற எந்த நேரமும் சரி. பேச வரவில்லை என்றால் நாலு வரி எழுது; இங்கிலீஷிலேயே எழுது.

சீக்கிரம் பதில் போடு.

அம்மா